கயிற்றுத் தடம்

சுகுமாரிக்குப் பயம் வந்தால் முதலில் விரல்கள் நின்றுவிடும். நெஞ்சு அடித்துக்கொள்வதும் நாக்கு வறள்வதும் அவளுக்குப் பிறகுதான். அண்டியாப்பீஸில் பருப்பைத் தரம் பிரிக்கிற நீள மேசையின் நடுவில் அவளுக்கு இடம். நாள் முழுக்க அந்த விரல்கள் கோழி கொத்துவதுபோல ஓடிக்கொண்டே இருக்கும். அவை நின்றால் பக்கத்தில் இருப்பவள் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

கொல்லாங்கொட்டை என்கிற முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பெடுக்கும் ஆலைக்கு அந்தப் பக்கத்தில் அண்டியாப்பீஸ் என்று பெயர். பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகிற வழியில் ஒன்று இருந்தது. தாவணி போடும் வயதில் சுகுமாரி அங்கே உடைக்கும் கொட்டகையில் சேர்ந்தாள். கொட்டைத் தோட்டில் இருக்கும் எண்ணெய் கையைத் தின்னும். சாம்பலில் கையைப் பிசைந்து பிசைந்துதான் உடைப்பார்கள். அப்படியும் தோல் வெந்து உரியும், விரல் நுனி கறுத்துப்போகும். பிறகு அவளைத் தரம் பிரிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். கறுப்பு மட்டும் கூடவே வந்தது.

முழுப்பருப்பு என்றால் என்ன, உடைசல் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மேற்பார்வை பார்க்கும் மேஸ்திரி ஆனந்தபாய், தவறான குவியலில் கை போனால் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவ்வளவுதான் பாடம். ஓரத்தில் கொஞ்சம் போனது முழுசில் சேருமா, அதற்கும் கொஞ்சம் அதிகம் போனது எதில் சேரும் என்று சுகுமாரி ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"பாத்தா தெரியும் பிள்ளே," என்றாள் ஆனந்தபாய். "தெரியல்லேண்ணா நீ இன்னும் பாக்கல்லேண்ணு அர்த்தம்."

ஒரு மழைக்காலம் போனதும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. நம்மில் பலருக்கும் இதே நிலைதான். மரம், செடி, நல்லவன், நம்மவன் என்று நாளெல்லாம் பிரித்துப் போட்டுக்கொண்டே நடக்கிறோம். பிரித்த விதியைச் சொல் என்று ஒருவன் மறித்தால் விழிக்கிறோம். மனதுக்குள் ஒவ்வொரு வகைக்கும் நல்ல மாதிரி ஒன்று இருக்கிறது. வருவதெல்லாம் அதற்கு எவ்வளவு பக்கம் என்று நமக்குத் தெரியாமலே ஏதோ ஒன்று அளந்து பார்க்கிறது. பருப்பில் இது பிழைத்தால் மேஸ்திரி தட்டுவாள். மனிதர்களில் பிழைத்தால் தட்டுவதற்கு ஆள் கிடையாது.

சுகுமாரி பிறந்தது காரோட்டில். அங்கே சபைக்காரர் என்கிற கிறிஸ்தவர் வீட்டிலும் சுகுமாரி உண்டு, கோயிலுக்குப் போகிறவர் வீட்டிலும் சுகுமாரி உண்டு; பெயரை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இவள் விளக்கு வைக்கிற வீட்டுப் பெண். கட்டிக்கொண்டது தனுவச்சபுரத்துக் கிருஷ்ணன்குட்டியை. மாட்டு வண்டியில் சுமை ஏற்றி இறக்குவது அவன் தொழில். அவனுடைய அம்மா மலையாளத்தில் திட்டுவாள், சுகுமாரி தமிழில் பதில் சொல்லுவாள், கிருஷ்ணன்குட்டி இரண்டிலும் சமாதானம் செய்வான். வீட்டில் என்ன பாஷை என்று யாரும் கேட்டதில்லை.

கேட்கும் காலமும் வந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் சில வருஷங்களாகவே புகைந்துகொண்டிருந்தது. நெய்யாற்றின்கரை தாலுகாவும் அதில் வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். ஒரு பிடி மண் தரமாட்டோம் என்றார்கள் மறு சாரார். ஐம்பத்துநாலாம் வருஷம் ஆடிக் கடைசியில் அது பற்றிக்கொண்டது.

அன்று காலை மேசையில் விஜயம்மாதான் ஆரம்பித்தாள். உரக்கப் பேசுகிற, யார் வாயையும் கிண்டுகிற பெண்.

"ஏ பிள்ளே, இந்த மேசையில மலையாளத்துக்காரி எத்தற பேரு, தமிழத்தி எத்தற பேரு உண்டு?"

"ஏன், தனித்தனி டின்னில அடச்சு அமெரிக்காவுக்கு அனுப்பப் போறியளா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

விஜயம்மா விடவில்லை. "சுகுமாரி, நீ சொல்லு. நீ எதில கூட்டம்?"

"நான் பொடியில கூட்டம்," என்றாள் சுகுமாரி. பொடி என்பது கடைசித் தரம், உடைந்ததிலும் உடைந்தது. மறுபடி சிரிப்பு. ஆனால் அவள் விரல்கள் நின்றுவிட்டன. விஜயம்மா கேட்பதற்கு முன்பே, தான் அந்த மேசையைப் பிரித்து முடித்திருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இவள் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், அந்த மூலையில் இருப்பவள் சந்தேகம். யாரும் சொல்லாமல், கூலியும் வாங்காமல், மனம் அந்த வேலையைச் செய்து வைத்திருந்தது. மற்றவர்கள் மனமும் அவளை எங்கோ போட்டிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டுவிட்டது. ஆள் செத்திருக்கிறது. அண்டியாப்பீஸ் வாசலை இழுத்துச் சாத்திப் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். எப்போதும் கும்பலாகப் போகிறவர்கள் அன்று ஒருவரையொருவர் பார்க்காமல் தனித்தனியாக நடந்தார்கள்.

கிருஷ்ணன்குட்டி அதிகாலையிலேயே மார்த்தாண்டம் பக்கம் சுமை கொண்டுபோயிருந்தான். உச்சிப் பொழுதில் வந்தான். முன்வாசல் வழியாக வரவில்லை. பின்னால் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் குனிந்து குனிந்து வந்து, அடுக்களைக்குள் புகுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வண்டியையும் மாட்டையும் வழியில் ஒரு தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டானாம்.

"சட்டையைப் பைய தூக்கு," என்றான்.

முதுகில் இடது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு தடம். வரைகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக, இரண்டு ஓரமும் சிவந்து தடித்து, நடுவில் வெளுத்து.

"போலீஸா?"

"வண்டி நகரல்ல. முன்னால முழுக்க ஊர்வலம். எல்லாரும் வாழ்க வாழ்கண்ணு சொல்லுகானுவ. சும்மா நிண்ணா மலையாளத்தான்னு பிடிச்சு அடிப்பானுவன்னு நானும் சொன்னேன்."

"என்னத்த சொன்னிய?"

"வாழ்கண்ணு."

"என்னத்த வாழ்க?"

"அது எனக்குக் கேக்கல்ல." அவன் மூச்சு வாங்கினான். "பொறத்தால இருந்து அடி விழுந்தது. பிறகு நான் திரும்பியே பாக்கல்ல."

சுகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டுப் புஷ்பபாய் முன்வாசலுக்கு ஓடிவந்தாள். சபைக்காரி, அவளுடைய புருஷன் ரெத்தினதாஸ் கிணறு தோண்டுகிறவன், தூர் வாருகிறவன். இரண்டு வீட்டுக்கும் ஒரே வேலி. அடுப்புக்குத் தீ வாங்குவதும் குழம்பு கொடுப்பதும் அந்த வேலிக்கு மேலாகத்தான்.

"எக்கா, முக்கில போலீஸ் வண்டி நிக்குகு. ஆம்பிளையளத் திருப்பி நிறுத்திச் சட்டையத் தூக்கிப் பாக்கானுவ. முதுகில அடிபட்ட வரை உள்ளவனையெல்லாம் வண்டியில ஏத்துகானுவ. இனி வீடு வீடா வருவானுவளாம்."

"உங்க வீட்டுக்காரரு எங்க?"

"அவிய செங்கல் ஊருல கிணறு எறைக்கப் போயிருக்காவ. அவியளுக்கு என்ன பயம், பகல் முழுக்கக் கிணத்துக்குள்ளதானே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கிருஷ்ணன்குட்டி அடுக்களைக்குள் இருப்பதை அவள் பார்க்கவில்லை.

வண்டியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. போனமுறை கொண்டுபோன ஒருவன் திரும்பி வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. கிருஷ்ணன்குட்டி சுமை தூக்கினால்தான் அடுப்பு எரியும்.

அவனுக்கு ஒரு யோசனை இருந்தது. "நான் மலையாளத்துக்காரனாக்கும். எங்கம்ம பேசுகது மலையாளம். குளிச்சுச் சந்தனம் தொட்டுட்டு நிக்கேன். போலீஸ் ஏமான் என்னைப் பாத்ததும் விட்டிருவான்."

"அவன் உங்க நெத்தியப் பாக்கமாட்டான். திருப்பி நிறுத்தித்தான் பாப்பான்."

"நான் பேசுவேன்."

"கேக்கமாட்டான்."

அவளுக்கு அது நன்றாகத் தெரியும். நாள் முழுக்கப் பிரிக்கிறவன் ஒவ்வொன்றையும் எடுத்து ஆராய மாட்டான். ஒரே அடையாளம் போதும். அது கண்ணில் பட்டதும் கை போட்டுவிடும், கண் அடுத்ததற்குப் போய்விடும். அந்தச் சிப்பாய்களும் காலையிலிருந்து முதுகு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேர்க்கோடு என்றால் ஊர்வலம். கோட்டை அழிக்க முடியாது. ஆனால் அதைவிட உரக்கச் சத்தம் போடும் வேறொரு அடையாளத்தை அதன் மேல் வைக்கலாம்.

கூரை இறவாணத்தில் ஒரு சிரட்டை தொங்கியது. கறையான் பிடிக்காமல் கூரைக் கம்புகளில் பூசுவதற்கு அண்டியாப்பீஸிலிருந்து கொண்டுவந்த கொட்டை எண்ணெய். அவள் அதைப் பழைய சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். காரமான புகை எழுந்தது. கிருஷ்ணன்குட்டி சட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். புரிந்துவிட்டது.

"ஏட்டீ, வேண்டாம்."

"வறுக்குத கொட்டகையில வேலை. வறுக்கும்போ எண்ணெ தெறிச்சிட்டு. இதத்தான் சொல்லணும், வேற ஒண்ணும் பேசப்பிடாது."

"சுகு, எனக்குப் பயமாட்டு இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள். "தோர்த்தக் கடிச்சுக்கிடுங்க."

கோட்டின் மேலேயே பூசினால் வெந்த புண்ணும் கோடாகத்தான் இருக்கும் என்று அவள் கண் சொன்னது. தெறித்தது தெறித்ததுபோல இருக்க வேண்டும். தேங்காய் மட்டையின் நார்க்கற்றையை எண்ணெயில் தோய்த்து, மேலே தூக்கிப் பிடித்து உதறினாள். தோள், முதுகு, விலா, கோடு இருந்த இடம், இல்லாத இடம், எல்லாவற்றிலும். தோல் சுருங்கி எழும்பும் சத்தம் கேட்டது. அவன் கடித்திருந்த தோர்த்துத் துண்டுக்குள்ளே அலறினான். கால் தரையை உதைத்தது. அவள் கை நிற்கவில்லை. பயத்தில் நிற்கிற கை அன்று ஏன் நிற்கவில்லை என்று அவளுக்குப் பிறகும் விளங்கவில்லை. இதை நான் தைரியம் என்று சொல்லத் தயங்குகிறேன். பயம் ஓர் அளவுக்கு மேல் போனால் அதுவும் கையைப் பிடித்து வேலை வாங்கும்.

வெயில் சாய்வதற்கு முன்பே வந்துவிட்டார்கள். ஒரு ஏட்டு, இரண்டு சிப்பாய்கள். முற்றத்தில் கிருஷ்ணன்குட்டியைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவன் நின்றதே அதிசயம்.

"திரியடா."

திரும்பினான். சட்டை போட முடியாமல் வெற்று முதுகாகத்தான் இருந்தான். கறுப்பும் சிவப்புமாகக் கொப்புளங்கள், எண்ணெய்ப் பிசுக்கு, வெந்த நாற்றம். சிப்பாய் ஒருவன் கிட்டே குனிந்தவன் சட்டென்று பின்னால் போனான்.

"எந்தாடா இது?"

"அண்டியாப்பீஸு... வறுக்குதிடத்து... எண்ணெ தெறிச்சு, ஏமானே."

ஏட்டு அவனைப் பார்த்தார். "கை காணிக்கடா."

சுகுமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் உள்ளங்கை சுமைதூக்கியின் கை; காய்த்திருக்கும், ஆனால் ஒரு சொட்டுக் கறுப்பு கிடையாது. அதை அவள் நினைக்கவே இல்லை. அவன் கையை நீட்டுவதற்குள் அவள் நடுவில் வந்து தன் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள்.

"நாங்க ரெண்டு பேரும் அங்கதான், ஏமானே. பாருங்க."

வருஷக்கணக்கில் ஊறிய கறுப்பு. ஏட்டு அந்த விரல்களைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். பக்கத்திலிருந்த சிப்பாய், "தொடண்டா ஸாரே, அது பட்டா பொள்ளும்," என்று எச்சரித்தான். அண்டியாப்பீஸ்காரர்கள், தொட்டால் பொத்துப்போகும், ஊர்வலத்துக்கும் ஆகாது, ஒன்றுக்கும் ஆகாது. அந்தக் குவியலில் அவர்களைப் போட்டுவிட்டுக் கண் அடுத்ததற்குப் போனது.

அடுத்தது வேலிக்கு அப்பால் வந்துகொண்டிருந்தது. ரெத்தினதாஸ் கிணற்று வேலை முடிந்து, ஈரத் துண்டை இடுப்பில் கட்டி, சுருட்டிய வடத்தைத் தோளில் போட்டு, வெற்று உடம்போடு வந்தான். யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. போலீஸைப் பார்த்ததும் மரியாதைக்கு வடத்தை இறக்கி வைத்து ஒதுங்கி நின்றான்.

"திரியடா."

அவன் முதுகில் குறுக்காக ஒரு தடம் இருந்தது. அக்குளுக்கு அடியிலிருந்து அடுத்த அக்குள் வரை, நேராக, சிவந்து. கிணற்றுக்குள் இறங்குகிறவனை மார்பைச் சுற்றி வடம் கட்டித்தான் இறக்குவார்கள். ஆள் தொங்கும்போது வடம் முதுகில் பதியும். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு தடம். பழையது மறைவதற்குள் புதியது வரும். அந்த வேலியின் இரு பக்கத்திலும் இருந்தவர்களுக்கு அது அவன் முகம்போலப் பழகியது.

சிப்பாய் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "இதா ஒருத்தன்."

"ஏமானே, வடம்! வடத்தடமாக்கும்!" என்று ரெத்தினதாஸ் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். விளக்கினால் போதும் என்று நினைத்திருப்பான். சிரித்த வாயில் அடி விழுந்தது.

புஷ்பபாய் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "கயிறு கெட்டின தடம் ஏமானே! கிணத்துவேலைக்காரராக்கும்! எக்கா, நீ சொல்லேன். நீ எத்தன வருஷமா பாக்குதே! சொல்லு எக்கா!"

ஏட்டு திரும்பினார். "நினக்கு எந்தெங்கிலும் பறயானுண்டோ?"

சொல்வதற்கு இருந்தது. லாத்தி விழுந்த தடத்தில் நடு வெளுத்து இரண்டு ஓரம் சிவந்திருக்கும். வடத்தடத்தில் முறுக்குப் பதிந்து புள்ளி புள்ளியாக இருக்கும். பார்த்தாலே தெரியும். அதைச் சொன்னால் ஏட்டு பார்க்கக் கற்றுக்கொள்வார். கற்றுக்கொண்ட கண் திரும்பவும் கிருஷ்ணன்குட்டியின் முதுகுக்கு வரும். கொப்புளங்களுக்கு நடுவே அங்கங்கே வெளுத்த கோடு ஒன்று இன்னும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் விரல்கள் விரித்தபடியே நின்றுவிட்டன.

"இல்ல ஏமானே," என்றாள்.

ரெத்தினதாஸை ஏற்றிக்கொண்டு வண்டி போன பிறகு வெகுநேரம் புஷ்பபாய் முற்றத்தில் கிடந்த வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுருட்டினாள்.

ரெத்தினதாஸ் திரும்பி வந்தபோது ஓணம் கழிந்திருந்தது. அதற்கு முன் அவன் ஒரு கூட்டத்துக்கும் போனவனல்ல. தாலுகா எந்தப் பக்கம் போனாலும் தண்ணி ஒரே ஆழத்தில்தான் இருக்கும் என்று கேலி பேசியவன். வந்த பிறகு எல்லாக் கூட்டத்துக்கும் போனான், முன்வரிசையில் நின்றான். அவனை எதில் போட்டார்களோ அதுவாகவே ஆனான். கிருஷ்ணன்குட்டியோ புண் ஆறுவதற்கே மாதங்கள் ஆகி, அதன்பின் நாலு பேர் கூடி நிற்கிற இடத்தைக் கண்டால் வண்டியை வேறு வழியில் திருப்புகிறவன் ஆனான். சுகுமாரி எப்போதும்போல மேசைக்குப் போனாள். வேலிக்கு மேலாகத் தீயும் குழம்பும் முன்போலவே போய்வந்தன. புஷ்பபாய் அந்த நாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் இன்று கேட்பாள் என்று சுகுமாரி நினைத்தாள்.

ஐம்பத்தாறில் எல்லைக் கோடு போட்டார்கள். விளவங்கோடு அந்தப் பக்கம், சென்னை ராஜ்யத்தோடு போனது. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் இந்தப் பக்கம் நின்றன. ரெத்தினதாஸ் வீட்டை விற்றுக் கோட்டுக்கு அப்பால் போவதென்று தீர்மானித்தான். போகிற வாரத்தில், "போகும்போ கடனா ஒண்ணும் வைக்கப்பிடாது. உங்க கிணத்த நான் ஒருக்கா வாரித் தாறேன்," என்று கிருஷ்ணன்குட்டியிடம் சொன்னான், கூலி வேண்டாம் என்றான்.

வேலை முடிந்து கிணற்றடியில் குளிக்க நின்றான். சுகுமாரி தண்ணீர் இறைத்து ஊற்றினாள். கிருஷ்ணன்குட்டி துவைகல்லில் உட்கார்ந்திருந்தான். ரெத்தினதாஸ் திரும்பி நின்றான். அன்று முற்றத்தில் நின்ற அதே நிலை.

"எக்கா, நீ தரம் பிரிக்கிறவளாச்சே. எம் முதுகு இப்ப ஒரே கோடும் வரையுமாட்டுக் கெடக்குண்ணு எங்க வீட்டுக்காரி சொல்லுகா. இதில கயிறு எது, போலீஸ் கம்பு எது? சொல்லு பாப்பம்."

குரலில் விளையாட்டு இருந்தது. அவள் வாளியைக் கீழே வைத்தாள். போலீஸ் வந்த நாளில்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை. தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் கை அவளைக் கேட்கவில்லை. கறுத்த விரல் அந்த முதுகில் ஒவ்வொரு தடமாகத் தொட்டது.

"இது கயிறு. இது கயிறு. இது... கம்பு. இதும் கம்பு. இது இண்ணைக்குள்ளது, கயிறு."

ஒன்றும் பிழைக்கவில்லை.

ரெத்தினதாஸ் திரும்பாமலே முகத்தைக் கையால் வழித்துக்கொண்டான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்ப உனக்குத் தெரியும்," என்றான்.

துவைகல்லில் இருந்த கிருஷ்ணன்குட்டி பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்துத் தன் முதுகை மூடிக்கொண்டான். ரெத்தினதாஸ் உடம்பைத் துடைத்தான், வடத்தைச் சுருட்டித் தோளில் போட்டான். "வாறேன் எக்கா," என்று வழக்கம்போலவே சொல்லிவிட்டு வேலியைச் சுற்றிப் போனான். அன்று மாலை புஷ்பபாய் தீ வாங்க வரவில்லை. அந்த வீட்டுக் கூரையிலிருந்து புகையும் எழவில்லை.

மறுநாள் மேசையில் ஒரு பருப்பு சுகுமாரியின் இரண்டு விரல்களுக்கு நடுவே நின்றுபோயிற்று. ஓரத்தில் கொஞ்சம் உடைந்தது. பக்கத்தில் இருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஆனந்தபாய் வந்து மணிக்கட்டில் தட்டினாள்.

"என்ன பிள்ளே, இவ்வளவு நேரம்? முழுசா, உடைசலா?"

"தெரியல்ல மேஸ்திரியக்கா," என்றாள் சுகுமாரி.